கண்மாய் வளைவில் ஒரு கேமரா

திருப்பத்தூரிலிருந்து காரைக்குடிக்கு வரும் சாலையில், ஒரு கண்மாய்க் கரையை ஒட்டி, சாலை வலப்பக்கமாக அகன்று வளையும் இடம் ஒன்று உண்டு. அந்த வளைவின் உட்பக்கத்தில், மதகின் கட்டைச் சுவருக்குப் பின்னால், ஆறு ஆண்டுகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் ஒரு பெண் கேமராவோடு நின்றார். இப்போது அவர் இங்கே இல்லை. மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். மலைப்பாதையில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் அவரைப் பார்த்ததாக மதுரைப் பையன்கள் வந்து சொல்கிறார்கள். எனக்கோ அந்த மதகை நெருங்கும்போது இன்றைக்கும் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது.

கேமராக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஐம்பது வயதை ஒட்டியவர். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, முக்காடு காற்றில் நழுவாமலிருக்க அதன் மேல் ஒரு துணித் தொப்பி, காலில் கான்வாஸ் ஷூ. மதகுச் சுவரில் அவரே எழுதி ஒட்டிய ஒரு அட்டை: ‘படம் எடுக்கப்படும். மெதுவாக வரவும்.’ கீழே கைபேசி எண். போனவர்கள் சாயங்காலம் அந்த எண்ணுக்குத் தங்கள் வண்டி எண்ணை அனுப்பினால் படம் சின்னதாக வரும். பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் காகிதத்தில் அச்சிட்டுத்தான் கொடுப்பார்.

மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஞாயிறு காலையில் வண்டி ஓட்டும் பைத்தியம் பிடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பெரிய மோட்டார் சைக்கிள்கள், பாட்டன் காலத்துக் கார்கள், மேற்கூரை மடங்கும் கார் ஒன்றிரண்டு. காரைக்குடி வந்து இட்லி தின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். வேறு காரணம் எதுவும் கிடையாது. நானும் அந்தப் பைத்தியங்களில் ஒருவன்தான். வார நாட்களில் செக்காலை ரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை. ஞாயிற்றுக்கிழமை அப்பா விட்டுப்போன வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு திருப்பத்தூர் வரை போய், ஒரு காபி குடித்துவிட்டு வருவேன்.

அப்படி வந்த ஒரு நாளில்தான் முதல் படம். அந்த அம்மாள் என் பக்கம் ஒரு கேமராக் குழாயைத் திருப்பியதை மட்டும் கவனித்தேன். சாயங்காலம் கூட்டாளி ஒருவன் அவருடைய எண்ணைக் கொடுத்தான். என் வண்டி எண்ணையும் கடை முகவரியையும் அனுப்பினேன். மறுநாள் அவரே நகரப் பேருந்தில் வந்து என் கடைக்கு முன்னால் இறங்கி, பழுப்பு உறையை நீட்டினார்.

பிரித்துப் பார்த்தேன். சாலையோர மரங்களெல்லாம் பச்சைக் கோடுகளாக ஓடுகின்றன. சக்கரம் சுழல்வது தெரிகிறது. அவ்வளவு ஓட்டத்துக்கும் நடுவில் என் முகம் மட்டும் அப்படியே நிற்கிறது, கண்ணிமை முடியை எண்ணலாம் போல. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். யாரைப் பார்த்தும் இல்லை, சும்மா. எனக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே அதுவரை தெரியாது. வீட்டில் காட்டியபோது என் மனைவி படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

“பதினாறு வருஷத்துல நீங்க இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லையே,” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் காரில் ஏறிக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூட நான் தனியாகப் போனதில்லை.

ஆனால் அன்றைக்குக் கடையில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நான் படத்தில் மயங்கி நிற்க, அவர் விரலால் முன்சக்கரத்தைத் தொட்டுக் காட்டினார்.

“தம்பி, இந்த டயரு கொஞ்சம் உள்ளாற சாஞ்சாப்புல இருக்கே. பாத்தீகளா?”

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக இதுதான் என் தொழில். நின்றுகொண்டிருக்கும் என் சொந்தக் காரில் எனக்குத் தெரியாதது, ஓடுகிற காரில் இவருக்கு எப்படித் தெரியும்? அவர் போனதும் காரை மேடையில் ஏற்றி அளந்து பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. அன்று முதல் எனக்கு அவர் மேல் வந்த மரியாதையில் கொஞ்சம் பயமும் கலந்திருந்தது.

அவர் எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது தனி அனுபவம். இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொள்வார். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டதுமே கேமரா கண்ணுக்குப் போய்விடும். வண்டி வர வர, இடுப்புக்கு மேலே உடம்பு மொத்தமும் அதோடு சேர்ந்து திரும்பும். முழங்கை அசையாது, மூச்சு விட மாட்டார். வண்டியோடு அவரும் ஓடுகிற மாதிரி இருக்கும், ஆனால் பாதம் இருந்த இடத்திலேயே இருக்கும். வண்டி தாண்டிப் போனபிறகுதான் மூச்சு வெளியே வரும். நான் ஒருமுறை அவர் கையிலிருந்து அதே கேமராவை வாங்கி முயன்று பார்த்தேன். நாற்பது படங்கள். நாற்பதிலும் சாலை மட்டும் தெளிவாக இருந்தது.

“நின்னுக்கிட்டு இருக்க வண்டி மேல சாஞ்சு போன்ல எடுத்துக்கிறாகளே, அது வண்டி வச்சிருக்கவுக படம்,” என்பார். “ஓட்டுறவுக படம் வேற. ஓட்டுறவுகளுக்கு ரோடு தெரியும், பின்னால வர்றது கண்ணாடியில தெரியும். தான் ஓட்டுறது மட்டும் தெரியாது. அத யாராச்சும் வெளிய நின்னு பாத்துச் சொல்லணும்ல?”

அவருடைய பழைய தொழில் கல்யாணப் படம். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர்களை விடமாட்டார்கள். அதனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு ஓயாத வேலை. அதை விட்டு ஏன் சாலைக்கு வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“விடல தம்பி, அதுதான சோறு போடுது. ஆனா இருபது வருஷமா குனிஞ்ச தலையையே எடுத்துக்கிட்டு இருந்தேன். ஒருநாளு பஸ்ஸுல வாரேன். ஜன்னலுக்குப் பக்கத்துல ஒரு பய மோட்டார் சைக்கிள்ல வாரான். தலைய நிமித்திக்கிட்டு, தனக்குத் தானே பாடிக்கிட்டு, உலகமே தன்னுதுங்கிற மாதிரி. அல்லா, இப்படி ஒரு முகத்த நான் எந்தக் கல்யாணத்துலயும் பாக்கலையேன்னு இருந்துச்சு. அவன் போயிட்டான். அவனுக்கே தெரியாது அவன் எப்படி இருந்தான்னு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.”

அப்புறம் மூன்று மாதம் அதே பேருந்தில் போய் வந்து, எந்த இடத்தில் காலை வெயில் ஓட்டுபவர் முகத்தில் விழுகிறது, எந்த இடத்தில் எல்லோரும் தாமாகவே வேகத்தைக் குறைக்கிறார்கள் என்று பார்த்து, இந்த மதகைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

எல்லோரையும் எடுத்துவிடவும் மாட்டார். மதுரைப் பையன் ஒருவன் புது வண்டியில் வந்தான். மதகுக்கு நேராக முன்சக்கரத்தை ஆளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். கேமராக்கா கேமராவை இறக்கித் தரையைப் பார்த்துத் திருப்பிவிட்டார். அவன் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தான், இன்னும் உயரமாக. மறுபடி இறக்கினார். மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் வண்டியை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வந்தான்.

“என்ன, எங்க படம் மட்டும் எடுக்க மாட்டீங்களா? நாங்களும் காசு குடுத்துத்தான் வாங்குறோம்.”

“மூணு தடவ வந்தீக தம்பி. மூணு தடவையும் உங்க முகத்துல பயந்தான் இருந்துச்சு. அத எடுத்துக் குடுத்தா உங்க அம்மாதான் பாத்து அழுவும். ஒரு தடவ உங்களுக்காக ஓட்டிக்கிட்டு வாங்க, எடுக்குறேன்.”

பையன் ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். கால்மணி நேரம் கழித்து, இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, வளைவில் அழகாகச் சாய்ந்து வந்தான். அந்தப் படத்தைத்தான் அவன் இன்றுவரை கைபேசி முகப்பில் வைத்திருக்கிறான். பேருந்து ஓட்டுநர்கள்கூட அந்த இடத்தில் வேகம் குறைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி ஜீப் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆச்சிக்கு அப்போது அறுபத்தைந்து வயது. பினாங்கில் முப்பது வருடம் இருந்தவர். கணவர் தவறியபின் காரைக்குடிக்குத் திரும்பி, பத்துப் பேர் இருக்க வேண்டிய வீட்டில் ஒற்றை ஆளாக இருந்தார். மகன்கள் சிங்கப்பூரில். வந்த வருடமே திறந்த ஜீப் ஒன்றை வாங்கினார். ஞாயிறு காலை அதில் பிள்ளையார்பட்டி போய்க் கும்பிட்டுவிட்டு, கண்டாங்கிச் சேலை காற்றில் படபடக்க அந்த வளைவில் அவர் திரும்பி வரும்போது, பெரிய மோட்டார் சைக்கிள்காரர்கள் ஓரம் ஒதுங்கி வழிவிடுவார்கள். அப்படி ஒரு ஓட்டு. கியர் மாற்றும் சத்தமே கேட்காது. மதகருகே நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து கேமராக்காவுக்கு ஒரு காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கேமராக்கா என் கடைக்கு வந்தார். பையிலிருந்து பத்துப் படங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். பத்தும் ஆச்சி. ஒரே வளைவு, ஒரே ஜீப்பு. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்.

“ஆச்சி வண்டில ஸ்டீரிங் எங்குட்டாச்சும் இழுக்குதா தம்பி?”

“போன மாசந்தான் நான் பாத்தேன். நூல் புடிச்ச மாதிரி இருக்கு. ஏன்க்கா?”

“மொதப் படத்தப் பாருங்க. முகம் நேரா இருக்கு, கண்ணு மட்டும் வளைவு முடியிற எடத்தப் பாக்குது. இப்படியே வாங்க. இதுல முகமும் கொஞ்சம் திரும்புது. இதுல இன்னும். இந்தா, இதுல கழுத்தே திரும்பி இருக்கு. கண்ணு பாக்க வேண்டியத இப்பக் கழுத்து தேடுது.”

கடைசிப் படத்தைத் தனியாக எடுத்து என் கையில் கொடுத்தார். ஜீப்பின் இடது ஓரத்தில், சக்கரத்துக்கு ஒரு முழத் தூரத்தில் ஒரு வெள்ளாடு மிரண்டு நின்றது.

“ரோட்டுல ஆடு இருக்கு. ஆச்சி முகத்துல ஆடு இல்ல,” என்றார்.

நான் அந்த முகத்தைப் பார்த்தேன். அமைதியான, சந்தோஷமான முகம். பக்கத்தில் ஓர் உயிர் நடுங்கி நிற்பதன் சுவடே அதில் இல்லை.

“அப்ப வண்டி இல்ல,” என்றார் கேமராக்கா. “ஆளுதான்.” படங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “அவுகளுக்கு இருக்கது இந்த ஒரு சந்தோஷந்தான் தம்பி. நான் போயி அதுல கை வைக்கணுமா? ரெண்டு நாளா சோறு எறங்கல.”

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை கை வைத்தார். ஆச்சி வழக்கம்போல் நிறுத்திக் காபியை ஊற்றியபோது, அவர் காபியை வாங்காமல், ஜீப்பின் பானட் மேல் பத்துப் படங்களையும் பரப்பினார். கண் டாக்டரிடம் ஒரு தடவை காட்டச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆச்சிக்கு முகம் இறுகியது. “ஏம்மா, எங்க பயலுக வாரா வாரம் போன் போட்டு ஓட்டாதீக ஓட்டாதீகன்னுதான் சொல்லுறானுக. இப்ப நீயும் ஆரம்பிச்சுட்டியா?”

“நான் ஓட்டாதீகன்னு சொல்லல ஆச்சி. பாருங்கன்னுதான் சொல்றேன்.”

ஆச்சி பார்த்தார். முதல் படத்தில் விரல் நின்றது. இறுக்கம் தளர்ந்து, “இது நானா?” என்று கேட்டார். ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து கடைசிப் படத்தில் நின்றார்.

“இது எப்ப?”

“போன வாரம்.”

“ஆடா நின்னுச்சு? அங்குட்டா?”

“ஆமா ஆச்சி. சத்தங்கூடப் போட்டுச்சு.”

ஆச்சி பிளாஸ்கை மூடினார். பிறகு படங்களை வாரிச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, “படம் எடுக்குறவ படம் எடுக்குற வேலையோட நின்னுக்க,” என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். ஜீப்பு உறுமிக்கொண்டு கிளம்பியது. கேமராக்கா என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

“பின்னாலயே போங்க தம்பி. வீடு சேர்ற வரைக்கும் போங்க.”

போனேன். அந்தச் சில கிலோமீட்டரும் எதிரே வந்த ஒவ்வொரு சைக்கிளுக்கும் என் கால் தானாக பிரேக்கை அழுத்தியது. ஆச்சி மிக மெதுவாக ஓட்டினார். அவர் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் ஜீப்பு வரவில்லை. கேமராக்கா மதகில் நின்றார், ஆனால் ஒரு படமும் சரியாக விழவில்லை. எல்லாம் கலங்கிப் போயிருந்தன. கண் ஜீப்பையே தேடுகிறது என்றார்.

மூன்றாவது வாரம் கடைக்கு ஆச்சியிடமிருந்து போன் வந்தது. “ஜீப்பு பேட்டரி எறங்கியிருக்கும். வந்து பாரு.” போனபோது முற்றத்து மேசையில் சின்னதாக ஒரு சொட்டு மருந்துப் புட்டி இருந்தது. பக்கத்தில் சுருட்டிய தடம் போகாத அந்தப் பத்துப் படங்கள்.

ஆச்சி மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போயிருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் ஓரப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. இடது கண்ணில் பாதிக்கு மேல். போனது வராது. விடாமல் மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நாமாகக் கண்டுபிடிக்க முடியாத நோய், இன்னும் விட்டிருந்தால் நடுப்பார்வையும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

“படத்தக் காட்டுனேன். அடுத்த ரூம்புல இருந்த டாக்டருகளையும் கூப்பிட்டுக் காட்டுனாக. இத எடுத்தவுகளும் கண் டாக்டரான்னு கேட்டாகப்பா,” என்றார் ஆச்சி. சொல்லும்போது குரலில் கோபமா பெருமையா என்று பிரித்தெடுக்க முடியவில்லை. பிறகு ஜீப்புச் சாவியை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

“ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னுட்டாக. ஓட்ட மாட்டேன். ஆனா ஒரே ஒரு தடவ ஓட்டணும், ரோட்டுல இல்ல. அந்தப் பொண்ணக் கூட்டிக்கிட்டு வா.”

சித்திரை மாதம். கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்து, கல்லைப் போல் இறுகிக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மேடு பள்ளமில்லாத வெட்டவெளி. நான்தான் ஜீப்பை உள்ளே ஓட்டிக்கொண்டு போனேன். முன்னதாகவே ஒருமுறை நடந்து, குழி, கல், முள் எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டேன். ஆடு மேய்ப்பவரிடம் சொல்லி மந்தையைக் கரைக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட்டோம். கேமராக்கா நடுவில் போய் நின்றார். மதகில் நடந்ததற்குப் பிறகு அவருக்கும் ஆச்சிக்கும் இடையே ஒரு பேச்சும் இல்லை.

ஆச்சி ஏறி உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். ஜீப்பு கிளம்பியது.

இரண்டாவது கியர், மூன்றாவது கியர். பின்னால் செம்மண் புழுதி ஒரு கோபுரம்போல் எழுந்தது. தயங்கித் தேட வேண்டிய ஓரம் என்று எதுவும் அங்கே இல்லை. முகம் நேராக, கண் மட்டும் தூரத்தில், முதல் படத்தில் பார்த்த அதே ஆச்சி. பெரிய வட்டமாகச் சுற்றி வந்தார். வட்டத்தின் நடுவில் கேமராக்கா காலை ஊன்றி, மூச்சை அடக்கி, உடம்போடு திரும்பிக்கொண்டே இருந்தார். ஒரு பெண் ஓட்டுகிறாள், ஒரு பெண் பார்க்கிறாள். இருவருக்கும் நடுவில் கட்டி இழுத்த கயிறு ஒன்று இருப்பது போலிருந்தது.

மூன்றாவது சுற்றில் கேமராக்கா கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டார். நான் பதறி ஓடினேன்.

“என்னக்கா, பேட்டரி போச்சா?”

“இல்ல தம்பி. படம் கெடைச்சிருச்சு,” என்றார், கண்ணை ஜீப்பிலிருந்து எடுக்காமல். “இனி நான் வெறுங்கண்ணால பாத்துக்கிறேன்.”

ஏழு சுற்று சுற்றிவிட்டு ஆச்சி தானாக வந்து நிறுத்தினார். முகமெல்லாம் புழுதி. இறங்கி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, கேமராக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். காபி குடிக்கிற நேரம் அளவுக்கு அப்படியே நின்றார்கள். பிறகு ஆச்சி, “வெயிலு ஏறிருச்சு, போவமா?” என்றார்.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, தேக்குச் சட்டம் போட்டு, கேமராக்காவே எடுத்து வந்தார். ஆச்சி வீட்டு நடு ஹாலில் மூன்று தலைமுறை ஆட்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். தலைப்பாகை கட்டியவர்கள், கோட்டு போட்டவர்கள், ஆச்சியின் கணவர். எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து, கையை முழங்கால் மேல் வைத்திருப்பார்கள். அந்த வரிசையின் கடைசியில் தன் படத்தை மாட்டச் சொன்னார் ஆச்சி. சிங்கப்பூர் மகன் போனில் பதறினான். “என்னாத்தா இது, உசுரோட இருக்கவுக படத்த யாராச்சும் அங்குட்டு மாட்டுவாகளா?”

“உசுரோட இருக்கேன்னு தெரியணும்லடா, அதுக்குத்தான்,” என்று ஆச்சி போனை வைத்துவிட்டார்.

நான் ஏணியைப் பிடிக்க, கேமராக்கா ஏறி ஆணி அடித்துப் படத்தை மாட்டினார். இறங்கி, பின்னால் நகர்ந்து நகர்ந்து எதிர்ச் சுவர் வரை போனார். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தார்.

“இம்புட்டுப் பேரும் என்னையத்தான் பாக்குறாக,” என்றார் மெதுவாக. “ஆச்சி மட்டும் என்னையப் பாக்கவே இல்ல.”

ஆச்சி சாய்வு நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தார். மூடிய இமைக்கு மேல் விரலை அழுத்திக்கொண்டே சொன்னார்:

“வண்டி ஓட்டையில உன்னையப் பாத்துக்கிட்டு இருக்கவா முடியும்?”